ஒரு பகுதி, ஒரு படம், ஒரு குறிப்பு: குறைந்த செலவில் வீட்டுச் சுவருக்கு வேதாகமக் கலை அமைக்க முழுமையான வழிகாட்டி

"வீட்டில் மாட்ட நல்ல கிறிஸ்தவப் படம் எது?" இந்த வேலையில் இறங்குகிற எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. படத்தை முதலில் எடுத்துவிட்டு, அதற்கு ஒரு வசனம் தேடி, பிறகு சரித்திரத்தையும் சேர்க்கப் பார்ப்பார்கள். மூன்றும் ஒன்றோடொன்று பேசாது. கடைசியில் சுவர் ஒரு பழைய காலண்டர் கடை மாதிரி ஆகிவிடும்.

பலருக்கு உதவியும், என் சுவரிலேயே மூன்று முறை பிரித்து மாட்டியும் பார்த்தபின் நின்ற வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கற்பனையாகச் சொல்லாமல் ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை கொண்டுபோகிறேன்: லூக்கா 10-இல் வரும் நல்ல சமாரியன். கள்ளர் அடித்துப் போட்ட ஒருவனை மற்றவர்கள் கண்டும் விலகிப் போக, யூதர்கள் பகைத்த சமாரிய இனத்தான் ஒருவன் காப்பாற்றும் கதை.

## 1. தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, பழைய செய்தித்தாள், எளிதில் உரியும் ஒட்டுநாடா, பென்சில். பிடிஎஃப் கோப்பு தயாரிக்கக்கூடிய கணினி. கைபேசி மட்டும் இருந்தாலும் ஒப்பேற்றலாம், ஆனால் எழுத்து அமைக்கும்போது கண் வலிக்கும்.

இவற்றோடு ஒரே ஒரு வேதாகம மொழிபெயர்ப்பு. எதைப் பயன்படுத்துவது என்பது உங்கள் சபை, உங்கள் பழக்கம். ஆனால் ஒன்றை எடுத்தால் சுவர் முழுவதும் அதுவே இருக்கட்டும். ஒரு படச் சட்டத்தில் "சங்கீதம்", பக்கத்துச் சட்டத்தில் "திருப்பாடல்" என்று இருந்தால், வருகிறவர்கள் இரண்டும் வேறு நூல்கள் என்று நினைப்பார்கள். குழந்தைகள் நிச்சயம் நினைப்பார்கள்.

சட்டத்தை இப்போது வாங்காதீர்கள். முதலில் சட்டத்தை வாங்கியவர்கள் எல்லாரும் பின்னால் படத்தை வெட்டித்தான் அதற்குள் நுழைத்தார்கள்.

## 2. பகுதியைத் தேர்ந்தெடுங்கள்

ஒரு முழு நூலோ "அன்பு" போன்ற பொதுவான தலைப்போ வேண்டாம். ஐந்து முதல் பத்து வசனத்துக்குள் அடங்கும் ஒரு பகுதி போதும். பகுதி சின்னதாக இருந்தால்தான் படம், எழுத்து, சரித்திரம் மூன்றும் ஒரே இடத்தைத் தொடும்.

அதற்குள்ளேயே எந்த நொடி உங்களை நிறுத்துகிறது என்று பாருங்கள். சமாரியன் கதையில் இரண்டு நொடிகள் உண்டு. ஒன்று, அவன் அடிபட்டவனைத் தூக்கித் தன் வாகனத்தின்மேல் ஏற்றுவது. இன்னொன்று, சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்து, "அதிகமாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன்" என்று சொல்வது. முதலாவது உடம்பின் பாரம், இரண்டாவது ஒரு வாக்குறுதி. நீங்கள் தேட வேண்டிய படத்தை இதுதான் தீர்மானிக்கிறது.

## 3. சுவரை அளந்து, செய்தித்தாளை ஒட்டுங்கள்

செய்தித்தாளை நீங்கள் நினைக்கிற அளவுகளில் வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள். படத்துக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, குறிப்புக்குச் சிறியதாக ஒன்று. நான்கைந்து நாள் அப்படியே விடுங்கள்.

பார்ப்பதற்குக் கேலியாகத்தான் இருக்கும். ஆனால் கதவைத் திறந்தால் இடிக்கிறதா, பகலில் நேர்வெயில் விழுகிறதா, உட்கார்ந்திருந்தால் தெரிகிறதா என்பதெல்லாம் இந்த நாட்களில் வெளிவந்துவிடும். வெயில் நேராகப் படும் சுவரை விட்டுவிடுங்கள். கண்ணாடி போட்டாலும் வண்ணம் வெளுக்கும்.

## 4. படம் தேடுதல்: உரிமை முதலில், பிக்சல் அடுத்தது

தேடுபொறியில் முதலில் வருகிற படத்தைச் சேமித்து அச்சுக்குக் கொடுப்பதுதான் மிகப் பொதுவான தவறு. அது யாருடைய படைப்பு என்று தெரியாது. அளவும் பெரும்பாலும் தபால்தலைக்குத்தான் போதும்.

உரிமையில் எளிய விதி: ஓவியர் இறந்து 70 ஆண்டு கடந்திருந்தால் பெரும்பாலான நாடுகளில் பிரச்சினை இல்லை. அதனால் பழைய ஓவியங்களே பாதுகாப்பானவை, செலவில்லாதவையும் அவைதான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியம், வாஷிங்டனின் நேஷனல் கேலரி, சிகாகோவின் ஆர்ட் இன்ஸ்டிட்யூட் ஆகியவை தங்களிடமுள்ள பழைய படைப்புகளைப் பெரிய அளவிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ள விடுகின்றன. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017 முதல் இதைச் செய்கிறது. தேடும்போது "திறந்த அணுகல்" அல்லது "பொது உடைமை" என்ற வடிகட்டியை இயக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் இறக்க முடியாத படங்களும் கலந்து வரும்.

இப்போது நம் எடுத்துக்காட்டு. தூக்கி ஏற்றும் நொடிதான் உங்களுடையது என்றால் வான் கோ 1890-இல் வரைந்த ஓவியம். பிரெஞ்சு ஓவியர் டெலாக்ரோவா வரைந்த ஓவியத்தின் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதியைப் பார்த்து, வண்ணத்தைத் தானே கற்பனை செய்து வரைந்தார். சமாரியனின் முதுகு வளைந்து, கால் ஊன்றி, பாரம் அப்படியே தெரியும். கண்டும் காணாமல் போனவர்கள் பின்னால் பாதையில் சின்னதாக நடந்து போகிறார்கள். சத்திர வாசல்தான் உங்கள் நொடி என்றால் ரெம்பிராண்ட் 1633-இல் செய்த செதுக்கு அச்சு, அதாவது உலோகத் தகட்டில் கோடுகளைப் பதித்து எடுத்த அச்சு. கறுப்பு வெள்ளை, ஏறத்தாழ 25-க்கு 20 செ.மீ. அடிபட்டவனைக் குதிரையிலிருந்து இறக்குகிறார்கள், சமாரியன் வாசற்படியில் சத்திரக்காரனோடு நிற்கிறான், பின்னால் ஒரு பெண் கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள்.

சுவருக்கு முதல் முறை என்றால் என் ஓட்டு செதுக்கு அச்சுக்குத்தான். அசலே சின்னது, அசலே அச்சு. உங்கள் பிரதி அசலிலிருந்து வெகுதூரம் விலகாது. எட்டு மீட்டருக்கு மேல் அகலமான சுவரோவியத்தை ஏ4 தாளில் சுருக்குவது வேறு விஷயம். டாவின்சியின் கடைசி இராப்போசனம் அப்படிப்பட்டது. முகங்கள் எல்லாம் புள்ளிகளாகிவிடும்.

பிக்சல் கணக்கு: ஏ4 தாள் முழுவதும் தெளிவாக வர 2480-க்கு 3508 பிக்சல் வேண்டும். ஏ3 என்றால் 3508-க்கு 4961. இது அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கு. இரண்டு மீட்டர் தள்ளி நின்று பார்க்கும் பெரிய படத்துக்கு இதில் பாதி இருந்தாலும் சமாளிக்கலாம். சின்ன படத்தைக் கணினியில் இழுத்துப் பெரிதாக்கினால் பிக்சல் எண்ணிக்கை கூடும், தெளிவு கூடாது.

## 5. படத்தை மூலை மூலையாகப் பாருங்கள்

இறக்கிய கோப்பை முழு அளவில் திறந்து, ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை நகர்த்திப் பாருங்கள். இதைச் செய்யாமல் ரெம்பிராண்டின் அந்த அச்சை ஒருவர் பெரிதாக அச்சிட்டு வரவேற்பறையில் மாட்டினார். ஒரு வாரம் கழித்து அவருடைய ஏழு வயது மகன்தான் கண்டுபிடித்தான்: முன்னால் கீழ்மூலையில் ஒரு நாய் உட்கார்ந்து மலம் கழித்துக்கொண்டிருக்கிறது.

அது குறும்புக்காக யாரோ சேர்த்ததில்லை, ரெம்பிராண்டே செதுக்கியது. எனக்கு அந்த நாய் பிடிக்கும். தெருவில் எதுவும் நின்றுவிடவில்லை, அதற்கு நடுவில்தான் இந்த இரக்கம் நடக்கிறது என்று காட்டுகிறது. ஆனால் உங்கள் வீட்டில் எல்லாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். அச்சிடும் முன்னரே தெரிந்துகொள்வது நல்லது. வெட்டி எடுத்துவிடலாம் என்றால், கீழ்ப்பகுதியை நறுக்கும்போது படத்தின் நிறையே சாய்ந்துபோகும். வேறு படம் எடுப்பது மேல்.

## 6. வசனத்தை அமைத்தல்

பகுதி முழுவதையும் சுவரில் எழுதாதீர்கள். ஒரே ஒரு வரி. சமாரியன் கதையின் முடிவில் இருப்பது எப்போதும் பயன்படும் பழைய மொழிபெயர்ப்பில் நான்கே சொல்: "நீயும் போய் அந்தப்படியே செய்." மீதியைப் படிக்க வேதாகமம் இருக்கிறது. சுவர் செய்யும் வேலை ஞாபகப்படுத்துவது மட்டும்தான்.

வரியை எங்கே ஒடிப்பது என்பதில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். இடம் போதாத இடத்தில் கணினி ஒடிக்கும், அதை அப்படியே விட்டுவிடுவார்கள். "நீயும் / போய் அந்தப்படியே / செய்" என்று வந்தால் மூச்சு முட்டுகிறது. வாயால் சொல்லிப் பாருங்கள், எங்கே மூச்சு நிற்கிறதோ அங்கே ஒடியுங்கள்:

நீயும் போய்
அந்தப்படியே செய்

சங்கீதம் என்றால் இது இன்னும் எளிது. எபிரேயக் கவிதை பாதி வரிக்குப் பாதி வரி பதில் சொல்லும் அமைப்பு. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்" ஒரு வரி, "நான் தாழ்ச்சியடையேன்" அடுத்த வரி. பெரும்பாலும் அரைப்புள்ளி இருக்கும் இடமே ஒடிக்கும் இடம்.

சங்கீத எண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய இலத்தீன் வேதாகமத்தின் எண்வரிசையில் பெரும்பாலான சங்கீதங்கள் ஓர் எண் பின்தங்கியிருக்கும். மேய்ப்பன் சங்கீதம் நமக்கு 23, அதில் 22. பழைய ஐரோப்பிய அச்சுப் படத்தின் அடியில் உள்ள எண்ணை அப்படியே நம்பி வசனம் எடுத்தால், "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்ற கதறல்தான் மேய்ப்பன் படத்தின் பக்கத்தில் வந்து நிற்கும்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், கேட்டமரன், முக்தா மலர் எல்லாம் இலவசமாகப் பயன்படுத்தலாம். அலங்கார எழுத்துருவைத் தவிர்க்கவும். நம் எழுத்தில் ஏற்கெனவே வளைவுகள் அதிகம், அதன்மேல் இன்னும் பூ வேலை வேண்டாம். எழுத்துக்களுக்கு இடையே இடைவெளியைக் கூட்டவும் வேண்டாம். சில வடிவமைப்பு மென்பொருள்களில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுத் தனியே விலகி நிற்கும், "போய்" என்பது நான்கு துண்டாகத் தெரியும்.

எழுத்தின் உயரம் 1 செ.மீ.க்குக் குறையாமல் வையுங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று படிக்கும்போது புள்ளிகள் மறைந்துவிடக் கூடாது. வசன எண்ணைக் கீழே, அதில் பாதி அளவில் போடுங்கள்.

## 7. கவிதை: நீங்களே நான்கு வரி எழுதுங்கள்

பிறர் கவிதையைப் போடுவதென்றால் மீண்டும் உரிமைக் கேள்வி வரும். வீரமாமுனிவரின் தேம்பாவணியும் (1726) கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகமும் (1894) பொது உடைமை. தயக்கமில்லாமல் ஒரு விருத்தத்தை எடுக்கலாம். ஆனால் செய்யுள் தமிழ் வீட்டில் யாருக்கும் புரியாவிட்டால் அது வெறும் அலங்காரமாகிவிடும்.

அதனால் நீங்களே எழுதுங்கள் என்றுதான் சொல்வேன். எதுகை மோனை தேவையில்லை. ஒரே விதி: வசனம் ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லாதீர்கள். கதையில் யாரும் கவனிக்காத ஒரு ஆளையோ பொருளையோ பிடியுங்கள். நான் சத்திரக்காரனைப் பிடித்தேன்:

பணம் கொடுத்தவன் பெயர் சொல்லவில்லை,
வாங்கியவனும் கேட்கவில்லை.
திரும்பி வருவேன் என்றான்.
கதவைத் தாழிடாமல் வைத்தேன்.

பெரிய கவிதை இல்லை, தெரியும். ஆனால் வீட்டுக்கு வருகிறவர்கள் படத்தைவிட இதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்கிறார்கள். "அருள்", "கிருபை", "ஜோதி" என்று பெரிய சொற்களை அடுக்குவதுதான் இங்கே பழக்கமான தவறு. பணம், கதவு, எண்ணெய், கட்டுத்துணி என்று தொடக்கூடிய பொருளைப் பிடித்துக்கொண்டால் பிழைத்தீர்கள்.

## 8. சரித்திரக் குறிப்பு

அதிகம் தவறு நடப்பது இங்கேதான். அதனால் அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ5 அளவில் ஓர் அட்டை, அதில் மூன்று செய்தி. நான்காவது வேண்டாம். நின்றுகொண்டு யாரும் அதற்குமேல் படிப்பதில்லை.

எழுதுமுன் ஒரு தாளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: வேதாகமம் சொல்வது, நிலமும் கல்வெட்டும் சொல்வது, பிற்காலப் பாரம்பரியம் சொல்வது. முதல் இரண்டு மட்டும் அட்டைக்குப் போகலாம். மூன்றாவதைப் போடுவதென்றால் "பாரம்பரியப்படி" என்று சேர்த்தே போட வேண்டும். குழந்தை இயேசுவைக் காண வந்த சாஸ்திரிகள் மூன்று பேர் என்று மத்தேயு எங்கும் சொல்லவில்லை, காணிக்கைதான் மூன்று. "இடமில்லை" என்று விரட்டும் சத்திரக்காரன் ஒவ்வொரு கிறிஸ்துமஸ் நாடகத்திலும் வருவான், லூக்கா 2-இல் அப்படி ஒரு ஆளே கிடையாது. அங்கே நம் மொழிபெயர்ப்பில் உள்ள "சத்திரம்" கிரேக்கத்தில் விருந்தினர் தங்கும் அறையைக் குறிக்கும் சொல். சமாரியன் கதையில் உள்ள "சத்திரம்" வேறு சொல், அதுதான் பணம் கொடுத்துத் தங்கும் இடம். தமிழில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

நம் அட்டைக்கு நான் எழுதியது இதோ:

"எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 750 மீட்டர். எரிகோ கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 250 மீட்டர். 30 கி.மீ.க்கும் குறைந்த பாதையில் 1000 மீட்டர் இறக்கம்."

"கெரிசீம் மலையில் இருந்த சமாரியரின் ஆலயத்தை யூத ஆட்சியாளர் யோவான் இர்க்கான் கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அழித்தார்."

"இரண்டு பணம் என்பது இரண்டு தெனாரியம் (ரோம வெள்ளிக் காசு). ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி (மத்தேயு 20:2)."

முதல் செய்தியைக் கவனியுங்கள். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த மனுஷன் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் "போகையில்" என்று இருக்கிறது. கிரேக்கத்தில் "இறங்கிப் போனான்". உயரத்தைத் தெரிந்துகொண்டபின் அந்த ஒரு சொல் பாதையையே கண்முன் கொண்டுவருகிறது. நல்ல சரித்திரக் குறிப்பு என்றால் அதுதான், படித்துவிட்டுத் திரும்பவும் வசனத்தைப் பார்க்க வைக்க வேண்டும். "ரெம்பிராண்ட் நெதர்லாந்தில் பிறந்தார்" என்று எழுதினால் யாரும் எதையும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

காலவரிசை போட ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் பூஜ்ய ஆண்டு இல்லை. அடுத்தது, இயேசுவின் பிறப்பைக் கி.பி. 1 என்று குறிக்காதீர்கள். யூதேயாவின் அரசன் ஏரோது கி.மு. 4-இல் இறந்தார் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணக்கு. மத்தேயுவின்படி இயேசு பிறந்தபோது அவர் உயிரோடு இருந்தார், எனவே பிறப்பு அதற்கு முன்னால். இப்படிக் கணக்கிட்டுத்தான் எட்டிய ஆண்டு என்றால் முன்னால் "ஏறத்தாழ" சேர்க்கத் தவறாதீர்கள்.

## 9. அச்சு

கோப்பைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் என்றால் ஃபோட்டோவாக அனுப்பாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். ஃபோட்டோவாகப் போனால் சுருங்கிவிடும், இத்தனை நேரம் தேடிய பிக்சல் எல்லாம் வீண்.

தமிழ் எழுத்தை வேர்டு கோப்பாகத் தரவே கூடாது. எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் ஆகத் தாருங்கள். அங்குள்ள கணினியில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும், அல்லது வேறு எழுத்துருவில் வரி ஒடிந்து வரும்.

பளபளக்காத தாள், 200 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற தாளின் கன அளவு) அல்லது அதற்கு மேல். பளபளப்பான தாளில் விளக்கு பிரதிபலித்து, நாய் உட்படப் பாதிப் படம் தெரியாது. செதுக்கு அச்சானாலும் வண்ண அச்சாகவே எடுங்கள். பழைய தாளின் வெதுவெதுப்பான நிறம் அப்போதுதான் வரும். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சாம்பல் பூத்த ஜெராக்ஸ் போல இருக்கும்.

முதலில் ஒரு சாதாரணத் தாளில் ஒரு பிரதி எடுத்துச் சுவரில் ஒட்டிப் பாருங்கள். எழுத்துப்பிழை பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கண்ணில் படும். வீட்டில் இன்னொருவரை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுதியவர் கண்ணுக்குப் பிழை தெரியாது.

## 10. சட்டம்

செலவைக் குறைப்பது சட்டத்தில், கூட்டுவது உள்ளே போகும் அட்டையில். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே வரும், நடுவில் வெட்டிய அட்டையைச் சொல்கிறேன். அது அமிலமில்லாததாக இருக்கட்டும். சாதாரண அட்டை சில ஆண்டுகளில் படத்தின் ஓரத்தைப் பழுப்பாக்கும். அட்டை இல்லாமலே மாட்டினால் கண்ணாடி படத்தில் ஒட்டும். ஈரப்பதம் கூடும் காலத்தில் மையும் கண்ணாடியோடு வந்துவிடும்.

படத்தை மேல்விளிம்பில் மட்டும் ஒட்டுங்கள், அதுவும் காகித நாடாவால். தாள் ஈரத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நான்கு பக்கமும் ஒட்டினால் விரிய இடமில்லாமல் அலை அலையாக எழும்பும். செலோ டேப் மஞ்சளாகிக் கறை விடும்.

மூன்று சட்டங்களும் ஒரே நிறத்தில் இருந்தால் போதும். அளவு வேறாக இருக்கலாம்.

## 11. மாட்டுதல்

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். பெரும்பாலோர் தலைக்கு மேலே மாட்டிவிடுகிறார்கள். மரியாதை என்று தோன்றலாம், ஆனால் யாரும் குறிப்பைப் படிக்க முடியாது. உட்கார்ந்தே இருக்கும் அறை என்றால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

படம் நடுவில், வசனமும் கவிதையும் வலப்பக்கம் ஒரே சட்டத்தில் ஒன்றின்கீழ் ஒன்று, குறிப்பு அட்டை கீழே. சட்டங்களுக்கு இடையே 5 முதல் 7 செ.மீ. போதும். அதற்குமேல் தள்ளினால் மூன்றும் தனித்தனி அந்நியர்கள் ஆகிவிடும்.

## 12. அடுத்த தொகுப்புக்கு

சட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றலாம். பழைய தாள்களைச் சுருட்டாமல் தட்டையாக ஒரு கோப்பில் வையுங்கள். நான் முயன்றதில் நன்றாக வந்தவை இரண்டு.

ஒன்று, புலம்பல். ரெம்பிராண்ட் 1630-இல் வரைந்த, எருசலேமின் அழிவுக்காகத் துக்கப்படும் எரேமியா. ரைக்ஸ்மியூசியத்தில் இருக்கிறது, பெரிய கோப்பு கிடைக்கும். குறிப்பு அட்டைக்கு கி.மு. 587/586-இல் பாபிலோனியர் நகரத்தை அழித்தது. கவிதைக்கு அந்த நூலின் அமைப்பே போதும்: எபிரேய எழுத்து 22, முதல் நான்கு அதிகாரங்களும் அகரவரிசையில் நடக்கின்றன. துக்கத்தை அகரவரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். நம் அந்தாதியோ ஆத்திசூடியோ படித்தவர்களுக்கு அந்த வேலையின் அருமை உடனே புரியும்.

மற்றது, எண்ணாகமம் 6:24 முதல் 26 வரை உள்ள ஆசீர்வாதம். 1979-இல் எருசலேமுக்கு அருகே ஒரு பழைய கல்லறையில் சுருட்டிய இரண்டு சின்ன வெள்ளித் தகடுகள் கிடைத்தன. அவற்றில் இதே ஆசீர்வாதத்தின் சொற்கள் கீறப்பட்டிருக்கின்றன. பழைய வேதாகமக் கையெழுத்துப் பிரதிகளான சவக்கடல் சுருள்களைவிடப் பல நூற்றாண்டு பழையவை. பெரியதே 10 செ.மீ. நீளம்கூட இல்லை. குறிப்பு அட்டையில் அந்தத் தகட்டின் உண்மை அளவில் ஒரு செவ்வகம் மட்டும் வரைந்து வைத்தேன், ஏறத்தாழ 97-க்கு 27 மி.மீ. இதற்குப் படம் தேடவில்லை. வாசலுக்கு உள்பக்கம், வெளியே போகிறவர் கண்ணில் படும்படி வசனமும் அந்தச் செவ்வகமும் மட்டும் இருக்கின்றன.